பத்துத் தோலா தண்ணீரில் எவ்வளவு உப்பு?

1945 ஜூலை 8, ஞாயிறு. மாதுங்கா

காலையிலிருந்து விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. அ.வின் வேஷ்டியை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டு, புகை நாற்றத்தோடு மடித்து வைத்தேன். அ. என்றால் என் ஆத்துக்காரர். பெயரை நோட்டில்கூட எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

டிரங்குப் பெட்டியிலிருந்து இண்டர் பௌதிகப் புத்தகம் வெளியே வந்தது. பூச்சி தின்றது போக மிச்சம் இருக்கிறது. பாலக்காட்டில் பாஸ் பண்ணியதோடு மூடியது. ஆறு வருஷம்.

செம்பூர்ப் பக்கம் ஒரு சோப்புத் தொழிற்சாலை. அங்கே பரிசோதனைச் சாலைக்கு உதவியாளர் வேண்டுமாம், பெண்களும் மனுப் போடலாமாம். அ. பேப்பரில் பார்த்துச் சொன்னார். போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள். வரும் சனிக்கிழமை பரீட்சை. காலையில் இயக்கம், விசை, கரைதிறன் மூன்றிலும் கணக்கு. பிற்பகல் கையால் செய்கிற சோதனை ஒன்று.

சோப்புக் காய்ச்சுகிற இடத்தில் ரயில் வண்டிக் கணக்கு எதற்கு என்று மன்னி கேட்டாள். நியாயமான கேள்வி.

மன்னி அ.வின் அண்ணா மனைவி. அண்ணா யுத்த வேலையாகப் பூனாவில். ஆகவே வீட்டில் நாங்கள் மூவர்தான். சமையல் என்னுடையது, மற்ற வேலையெல்லாம் மன்னியுடையது. நான் வெளியே போனால் அந்த ஏற்பாடு குலையும். அதனால் ஓர் ஒப்பந்தம்: இந்த ஒரு தடவை போய்ப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் வேலைப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. அ. தலையாட்டினார். நானும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். இங்கே எழுதத்தான் தைரியம்.

ஜூலை 9, திங்கள்

மழை. காலையில் தூரம். இனி மூன்று நாள் பால்கனி மூலை. பாய், செம்பு, தட்டு, நான். அடுக்களைப் பக்கம் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. புத்தகத்தைத் தொடலாமா? சரஸ்வதிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மாதா மாதம் எரிச்சலோடு உட்கார்ந்த மூலை. இந்தத் தடவை யாரோ சம்பளத்தோடு லீவு கொடுத்தது போல. அரைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். மன்னி தட்டில் சாதத்தை மேலிருந்து போட்டுவிட்டுப் போகிறாள். நான் கணக்குப் போடுகிறேன். வெட்கமாகக்கூட இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம்.

போட்டவை:
ரயில் ஒன்று. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு வினாடிக்கு ஓரடி வீதம் வேகம் கூடுகிறது. 44 வினாடியில் மணிக்கு 30 மைல். ஓடிய தூரம் 968 அடி. சரி.
வெடியுப்பு. 60 டிகிரியில் நூறு பங்கு தண்ணீரில் 110 கரையும், 20 டிகிரியில் 32தான். தண்ணீர் 250 கிராம். ஆறினால் படிவது 195. சரி. பாகு ஆறிக் கற்கண்டு கட்டுகிற விஷயம்தானே.
லிஃப்ட். உள்ளே 160 பவுண்டு மனிதர். வினாடிக்கு நாலடி வீதம் வேகம் கூடிக்கொண்டே இறங்குகிறது. தரையை அழுத்துவது எவ்வளவு? எனக்கு 180. புத்தகத்தில் 140. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் 180.

சாயந்திரம் அ. வந்ததும் கேட்டேன். கோட்டையில் அவர் ஆபீஸில் லிஃப்ட் உண்டு. குடையை உதறிக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் அதுல இறங்கறச்சே எனக்கு உடம்பே இருக்கறதில்லே."

அடடா. கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். 140.

ஜூலை 10, செவ்வாய்

தூறல். எதிர் வீட்டு ரேடியோவில் ஏதோ மராட்டிப் பாட்டு, நாலு தடவை.

கை வேலைக்குத் தயார் செய்ய வேண்டும். உப்பு கரைகிற அளவைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலும் கேட்பார்களாம். அ. கீழே கட்ச் தேசத்துக்காரர் மளிகைக் கடையில் சின்னத் தராசும் தோலாப் படிக்கற்களும் இரவல் வாங்கி வந்தார். மூலையில் இருக்கிறவள் தொட்ட தராசை எப்படித் திருப்பித் தருவது என்று மன்னி கவலைப்பட்டாள். பிறகு அவளே, பித்தளைதானே, புளி போட்டுத் தேய்த்தால் ஆயிற்று என்றாள். அடுக்களை ஜாடியிலிருந்து உப்பையும் அவளே அள்ளி மேலிருந்து தட்டில் போட்டாள்.

பத்துத் தோலா தண்ணீர். நிறுத்து வைத்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, இனி கரையாது என்கிற இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை நிறுக்க வேண்டும். புத்தகப்படி நூற்றுக்கு 36. அதாவது இங்கே மூன்றரைத் தோலாவுக்குச் சற்று மேல்.

எனக்கு வந்தது நாலேகால்.

மறுபடி. நாலேகால்.

ஜூலை 11, புதன்

மழை, காற்றோடு. பாய் நனைந்தது.

மூன்றாவது தடவையும் நாலேகால். தண்ணீரை மாற்றினேன், டம்ளரை மாற்றினேன். மன்னி அலுக்காமல் உப்பு போட்டுக்கொண்டே இருந்தாள். "கடல்லேயே இவ்வளவு கரைஞ்சிருக்காது போலிருக்கே" என்றாள்.

படிக்கல் மேல் சந்தேகம் வந்தது. அ.விடம் சொன்னேன். அவர் போய் நாசூக்காகக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்து சர்க்கார் முத்திரையைக் காட்டினாராம். இப்போது அவருக்கு எங்கள் மேல் வருத்தம். ரேஷன் காலத்தில் மளிகைக்காரரைப் பகைத்துக்கொண்ட புத்திசாலி நான்தான்.

கல் சரி, தண்ணீர் சரி. அப்படியானால் தப்பு நான். காகிதத்தில் எல்லாம் வருகிறது, கையில் ஒன்றும் வரவில்லை. பரிசோதனைச் சாலையில் கை வராதவளுக்கு என்ன வேலை? போகாமலே இருந்துவிடலாமா என்று அ.விடம் கேட்டேன். அவர் ஈரக் குடையை விரித்துக் காயவைக்கப் போய்விட்டார். அது இன்னும் மோசம்.

ஜூலை 12, வியாழன்

மழைதான். விடிவதற்குள் ஸ்நானம். அடுக்களைக்குத் திரும்பினேன். பருப்பு வெந்தது, புளி கரைத்தேன். ஜாடிக்குள் கை விட்டு எப்போதும் போடுகிற உப்பைப் போட்டேன். பிறகு, ஆனி ஆடி மழையில் எப்போதும் செய்கிறபடி, இன்னும் அரைக் கை.

கை அப்படியே நின்றுவிட்டது.

எதற்கு அரைக் கை கூட? மழைக்காலத்து உப்பில் தண்ணீர் பாதி, அதற்காக. பம்பாய் வந்த முதல் வருஷமே என் கைக்குத் தெரிந்த விஷயம். விரல்களைப் பார்த்தேன். ஈரம். இரண்டு நாளாக உப்பென்று நினைத்துத் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். ஜாடியை நானே தொட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். மன்னி மேலிருந்து போட்ட உப்பைத் தட்டோடு கவிழ்த்துக் கரைத்தேன், கையே படவில்லை.

சாம்பாரை இறக்கிவிட்டு இரும்புச் சட்டியை வைத்தேன். உப்பு படபடவென்று வெடித்தது. மன்னி ஓடி வந்தாள். "உப்பையா வறுக்கறே? உளுத்தம்பருப்பு மாதிரி?"

வறுத்ததை டப்பாவில் மூடி ஆறவைத்து நிறுத்தேன். பத்துத் தோலாவுக்கு மூன்றரையும் ஒரு சிட்டிகையும். இன்னொரு தடவை. அதேதான்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மன்னிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். சாம்பார் கரிக்கிறது என்று அ. சொன்னார். இரண்டு தடவை போட்டிருப்பேன். போகட்டும்.

ஜூலை 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். எல்லாத் துணியும் மாடிக்கு. தராசைப் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தோம். அ. மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் ஒரு கிராம்பு கொடுத்தாராம், சமாதானம்.

எடுத்துப் போக: பேனா, மை, குடை, தயிர்சாதம், கைக்குட்டை இரண்டு.

ஜூலை 14, சனி

மழை. குர்லாவில் வண்டி மாறினேன். ஆறு பேர், பெண் நான் ஒருத்தி. காலைக் கணக்கு நன்றாகவே போயிற்று. லிஃப்ட் வந்தது. இந்தத் தடவை ஏறுகிற லிஃப்ட். கூட்டினேன்.

பிற்பகல் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி ஜாடி உப்பு, தராசு, தண்ணீர். ஒரு மணி நேரம். ஜாடிக்கு மூடி இல்லை. முதலில் விரலை விட்டேன். ஒட்டியது. விளக்கும் பீங்கான் கிண்ணமும் வேண்டும் என்று கேட்டேன். மேற்பார்வைக்கு நின்ற பார்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், கொடுத்தார். உப்பு காய்ந்து ஆறவே அரை மணி. என் பக்கத்தில் மூன்று பேர் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசலில் பேசியது காதில் விழுந்தது: 41, 42, 41. ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே தடவைதான் நேரம் கிடைத்தது. 36. மூன்று பேர் சேர்ந்து சொல்கிறார்கள். அழித்து 41 என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? எழுதவில்லை. அந்த மூன்று பேரும் சமைத்ததில்லை போலிருக்கிறது.

பார்சிக்காரர் தாளைப் பார்த்தார். ஏதோ குறித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 17, செவ்வாய்

தூறல். தபால்காரர் இரண்டு தடவை வந்தார். இரண்டும் மாடி வீட்டுக்கு. நெல்லிக்காய் அகப்பட்டது.

ஜூலை 19, வியாழன்

கார்டு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும்.

மூன்று தடவை படித்தேன். அழுகையும் வந்தது. சாயந்திரம் அ. கார்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை, பால்கனியில் ஒரு தடவை படித்தார். காலைச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாக மன்னி சொன்னாள், நான் கேட்பதற்கு முன்பே. மகிழ்ச்சி தாங்கவில்லை.

அ. வெளியே போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எல்லாம் சரி. அந்த மூணு நாள் அங்கே எங்கே உக்காந்துப்பே?"

நான் யோசித்ததே இல்லை. ஆனால் பதில் தானாக வந்தது. "தராசுக்கு முன்னாலதான், மன்னி."

மன்னி எழுந்துபோய் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, ஜாடி உப்பு முழுவதையும் அதில் கொட்டினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அங்கே உக்காந்ததை இங்கே வந்து சொல்லிண்டிருக்காதே."