இரவல் பெயரில் ஏறிய கப்பல்

திருநெல்வேலி
பிரமாதீச வருஷம், ஆவணி 10

தங்கள் பாதங்களுக்குச் சண்முகசுந்தரி நமஸ்கரித்து எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். தங்கள் சுகம்தான் எங்களுக்கு வேண்டியது.

கிளாஸ்கோவிலிருந்து தாங்கள் போட்ட கடிதம் வந்தது. புதுக் கப்பலை எடுத்துவரும் ஆட்களுக்குச் சோறாக்கப் போனவர், கப்பலையே தாம் கட்டியது போல எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி மண்டபமாம், பாட்டுக்கென்று தனி அறையாம், மூன்று புகைபோக்கியில் ஒன்று புகையே விடாமல் அழகுக்கு நிற்குமாம். அத்தை கேட்டுவிட்டு, "நம்ம ஊரு மிராசுதாரு மாதிரில்லா இருக்கு" என்றார்கள். லேடி ஆர்டன் என்று பெண்பிள்ளைப் பெயர் வேறு. சக்களத்தி அழகாகவே இருக்கட்டும். என் ஆளைப் பத்திரமாகத் திருப்பித் தந்தால் சரி.

ஒன்று மட்டும் மனதுக்குச் சரிப்படவில்லை. கரையில் கட்டி முடித்து, கடலில் இறக்கும்போது கப்பல் பாதி வழியில் நின்றுவிட்டதாகவும், மறுபடி கொழுப்புப் பூசித் தள்ளி மறுநாள்தான் இறங்கியதாகவும் வேடிக்கை போல எழுதியிருக்கிறீர்கள். ஆனித் தேர் வாகையடி முக்கில் நின்றுவிட்டால் அபசகுனம் என்று ஊரே பதறுவதைப் பார்த்தவர்தானே தாங்கள். மாமாவுக்குக் கடிதத்தை வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

மாமா கோபம் இன்னும் ஆறவில்லை. கடல் தாண்டியதைவிட, தங்கள் சிநேகிதர் காசிலிங்கத்தின் பெயரைச் சொல்லிக் கப்பல் ஏறியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முன்பே கப்பலில் சமைத்தவனுக்குத்தான் வேலை என்று கம்பெனிக்காரன் சொன்னதையும், கடலே வேண்டாம் என்று திரும்பிவந்த காசிலிங்கம் தன் சர்ட்டிபிகேட்டைத் தங்களுக்குத் தந்ததையும் எத்தனை தரம் சொன்னாலும், "பெத்தவன் வச்ச பேரைக் கடல்ல போட்டுட்டான்" என்கிறார்கள். எனக்கோ அதில் ஒரு சௌகரியம். தங்கள் பெயரை நான் எழுதினால் தங்கள் ஆயுள் குறையும். காசிலிங்கம் என்று உறையில் எழுதக் கை கூசவில்லை.

கோமு நடக்கப் பழகிவிட்டாள். யார் மீசையைக் கண்டாலும் அப்பா என்று ஓடுகிறாள். சீக்கிரம் வந்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

தங்கள் வரவு நோக்கியிருக்கும்,
சண்முகசுந்தரி


ராட்சச வருஷம், மார்கழி 5

நமஸ்காரம். தங்களோடு கப்பலில் இருந்து கொழும்பில் இறங்கிய மதார் கையில் தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. பிரித்துப் படிப்பார்கள் என்று தபாலில் எழுத முடியாததை எல்லாம் அதில் எழுதியிருக்கிறீர்கள்.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் செட்டியார்களை ஏற்றிக்கொண்டு போன கப்பலில் இப்போது யுத்தத்துக்குப் போகிற பட்டாளமும் குதிரையும். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டார்களாம். வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, ஜன்னலுக்கெல்லாம் கறுப்படித்து, லேடி ஆர்டன் என்ற பெயரையும் அழித்துவிட்டு ஒரு நம்பர் போட்டிருக்கிறார்களாம். கப்பலுக்கும் பெயர் இல்லை, அதில் இருக்கும் தங்களுக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஆபத்தென்றால் பகவான் எந்தப் பெயரைச் சொல்லித் தங்களைத் தேடுவார்?

சமையல்கட்டு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதாகவும், பொழுது சாய்ந்ததும் அந்த அடித்தட்டின் இரும்புக் கதவை வெளியிலிருந்து அடைத்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். காசிலிங்கத்திடம் அதைக் காட்டினேன். எதையும் சிரித்துப் பேசுகிற மனிதர், முகம் செத்துவிட்டது. "அண்ணனை இறங்கச் சொல்லுங்க மதினி. ஆளு உள்ள இருக்கையில வெளிய பூட்டுதாங்கன்னா, அவனுகளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு" என்றார்.

ஆகையால் நான் சொல்வதைக் கேளுங்கள். அடுத்த தரம் பினாங்கில் நிற்கும்போது கரைக்கு இறங்கிவிடுங்கள். அங்கே என் சித்தப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், அவரிடம் போய் இருங்கள். காசிலிங்கத்தின் சர்ட்டிபிகேட்டை வேலைக்கு அலைகிற எவனிடமாவது கொடுங்கள். தங்களுக்கு வந்தது போல அவனுக்கும் அது போகட்டும். அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பயத்தில் எழுதுகிறேன்.

சண்முகசுந்தரி


பிங்கள வருஷம், ஆனி 20

நமஸ்காரம். தாங்கள் சுகமாயிருக்க வேண்டும். இருப்பீர்கள் என்றே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக் கப்பல் ஆபீசிலிருந்து காசிலிங்கம் வீட்டுக்குக் கடிதம் வந்தது. நடுக்கடலில் கண்ணிவெடி தட்டிக் கப்பல் மூழ்கிவிட்டது, சமையற்காரர் காசிலிங்கம் இறந்துபோனார், கம்பெனி வருந்துகிறது என்று. தபால்காரரே வாசித்துக் காட்டினாராம். காசிலிங்கம் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, செத்த பிறகும் வெத்தலை போடுதியே" என்று தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்து நம் வாசலில் நின்றார். "மதினி, கடுதாசி எம் பேருக்கு வந்திருக்கு" என்றார். கடிதத்தை மாமாவிடம் நீட்டினார்.

"இதுல எம்பிள்ளை பேரு இல்ல" என்று மாமா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் அதையே சொன்னார்கள். நாலாம் நாள் புரோகிதரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். வருகிற ஆடி அமாவாசைக்குள் தங்களிடமிருந்து சேதி வராவிட்டால், பாபநாசம் படித்துறையில் தங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு என் கழுத்தில் எது இருக்கும், எது இருக்காது என்று தங்களுக்குத் தெரியும். அத்தை என்னைப் பார்ப்பதில்லை. என் தலையில் இருக்கும் பூவைத்தான் பார்க்கிறார்கள்.

நான் அழவில்லை. தாங்கள் என் சொல்லைக் கேட்டுப் பினாங்கில் இறங்கியிருப்பீர்கள். தங்களிடமிருந்தும் சித்தப்பாவிடமிருந்தும் கடிதம் வராதது யுத்தத்தினால்தான். அந்தச் சர்ட்டிபிகேட்டை யாரிடமோ கொடுத்திருப்பீர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவன் அவன்.

அப்படியானால் அவன் யார்? அவன் போனது அவன் வீட்டுக்கு எப்படித் தெரியும்? அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வான் என்று இந்தக் கையால்தானே எழுதினேன். அவன் பெண்டாட்டியும் எங்கேயோ உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் ஒரு கோமு இருக்கலாம். ஆனாலும் தினம் காலையில் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு முருகன் முன்னால் நின்று, செத்தது அவள் புருஷனாகவே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வரி போதும். கோமு என்று மட்டும் எழுதிப் போட்டாலும் போதும், தங்கள் கையெழுத்தை மாமாவிடம் காட்டிவிடுவேன். அமாவாசைக்கு முன் வரவேண்டும்.

இதுவரை நான் எழுதியதெல்லாம் காசிலிங்கம் பெயருக்குப் போயிற்று. அந்தப் பெயருக்கு இனிமேல் யாரும் கடிதம் கொண்டுபோக மாட்டார்கள். ஆகையால் இதைச் சித்தப்பா கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். புருஷன் பெயரை எழுதினால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். குறைப்பதற்காவது தங்களுக்கு ஆயுள் மிச்சம் இருக்கட்டும். உறையின் மேல் முதல் தடவையாக எழுதிவிட்டேன்: தி. சிவசைலம் பிள்ளை.

இன்றுவரை சுமங்கலியாயிருக்கும்,
சண்முகசுந்தரி