மிக்கேல் சம்மனசின் முகம்

பெரம்பலூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி பூவரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் நீ பேசத் தொடங்கினாலே யாராவது "ஃபாதர்" என்று வந்துவிடுகிறார்கள்.

உன் கோயில் பீடச் சுவரில் வரையச் சொல்லி நீ கொடுத்தனுப்பிய தேவதூதர்கள் காலண்டர் படத்தைப் பார்த்தேன். கபிரியேல் கையில் லீலி, ரபேல் கையில் மீன். அவர்களால் சிக்கல் இல்லை. மிக்கேல் சம்மனசுதான் ரோஜா நிறம். அவர் மிதிக்கிற சாத்தான் கன்னங்கறுப்பு. சுருட்டை முடி, தடித்த உதடு. அப்படியே நம் அப்பா. இதை எப்படியடா வரைவேன்? மிக்கேலைக் கறுப்பாக வரைகிறேன். வாளும் தராசும் வழக்கம்போல. சாத்தான் சாம்பல் நிறம். சம்மதமா?

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
கவியா


பங்கு இல்லம், அரியலூர் வழி
20 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

உன் இஷ்டப்படியே வரை. பங்குப் பேரவையில் நான் பேசிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாம் காலனிப் பிள்ளைகள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. கல்லறையைக்கூட இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிற ஊர். தெரிந்தால் என் கையால் நற்கருணை வாங்கப் பாதிப் பேர் வரமாட்டார்கள். நீ என் அக்கா என்று காட்டிக்கொள்ளாதே. கோபப்படாதே.

ஜெபத்துடன்,
பூவரசன்


பங்கு இல்லம்
2 அக்டோபர் 2024

அக்கா,

திருவிழாவுக்கு அப்பாவை ஏன் கூட்டி வந்தாய்? மிக்கேலுக்கு அப்பாவின் முகத்தையே வைத்திருக்கிறாய். அவரும் போய் அதற்குக் கீழேயே நின்றார். பேரவைத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் வேறென்ன சொல்ல முடியும்? அப்பாவிடம் பிறகு பேசிக்கொள்கிறேன். நீ வந்து அந்த முகத்தை மட்டும் வெளுப்பாக மாற்றிக் கொடுத்துவிடு.

பூவரசன்


பெரம்பலூர்
9 அக்டோபர் 2024

அருட்தந்தை அவர்களுக்கு,

அப்பாவை நான் கூட்டி வரவில்லை. நீங்கள் பூசை வைப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று புது வேட்டி கட்டிக்கொண்டு அவராகவே பஸ் ஏறி வந்தார். சுவரில் தன் முகத்தைக் கண்டதும் கிட்டே போய் நின்றுவிட்டார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"யாரு ஃபாதர் இவரு? சம்மனசு மூஞ்சி அப்படியே இருக்கே?" என்று தலைவர் கேட்டார்.

"பெயிண்டர் கூட சாரம் கட்ட வந்த ஆளுங்க" என்றீர்கள்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆமாங்க சாமி, ஆளுதாங்க" என்றார். பெற்ற பிள்ளையிடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "நம்மளால தம்பிக்குத் தொல்ல வரக் கூடாதும்மா. மூஞ்சிய மாத்திக் குடுத்துடு."

அவருக்கு மனசு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் வரமாட்டேன், ஏணி வைத்து நீங்களே ஏறுங்கள். வெள்ளையை இரண்டு கோட் அடியுங்கள். ஒரு கோட்டில் அந்தக் கறுப்பு மறையாது.

இப்படிக்கு,
பெயிண்டர் கவியா