ஆறு சிலிண்டர் லாரியும் சம்பங்கியும்

5-6-1966, ஞாயிறு
கூட வேலை செய்யும் மரியகுழந்தையின் அண்ணன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டிக் பொம்மை லாரியை, துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை, இன்று ஒட்டி முடித்தேன். வெளியே அழகு. பானெட்டைத் திறந்தால் வெட்கக்கேடு. எஞ்சின் என்று ஒரு கட்டி, ஒயர் இல்லை, குழாய் இல்லை. இதைச் செய்தவன் நிஜ லாரியின் பானெட்டைத் திறந்தே பார்த்ததில்லை. நானே போடுகிறேன்.

7-6, செவ்வாய்
எங்கள் தங்கச் சுரங்க விளக்கின் பழைய கேபிளைப் பிரித்தால் முடி மாதிரி செம்புக் கம்பி. மேலே கறுப்பு நூல் சுற்றினால் பிளக் ஒயர். என் விரல் தடி, நாலு முறை அறுந்தது. சம்பங்கி என்னிடமிருந்து வாங்கித் தானே சுற்றினாள். கல்யாணமாகி ஐந்து மாதம்; என் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு கை இருப்பது இன்றுதான் தெரிகிறது.
"இன்னாங்க, இது ஓடுமா?"
"ஓடாது."
"அப்புறம் குடலு நரம்பெல்லாம் எதுக்கு?"
"லாரின்னா இருக்கணும்."
சிரித்தாள்.

9-6, வியாழன்
ஆறு ஒயரும் சேர்ந்தாயிற்று. ரேடியேட்டருக்குக் கிழிந்த டீ வடிகட்டி. ஃபேன் பெல்ட் சைக்கிள் டியூபில் வெட்டியது. ராஜா மாதிரி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

11-6, சனி
ஷிப்ட் முடிந்து வந்தால் லாரி தரையில். எஞ்சின் தனியே, நாலு ஒயர் பிய்ந்து.
"கீழ சுரங்கத்துல பாறை வெடிச்சு வூடே ஆடுச்சுங்க. விழுந்துடுச்சு."
ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லையே? எடுத்துப் பார்த்திருப்பாள், கை தவறியிருக்கும். பொய் சொல்லாதே என்றேன். இன்னும் நாலு வார்த்தையும் சொன்னேன். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு, பேத்தமங்களா பஸ் ஏறிவிட்டாள்.
போகட்டும்.

12-6, ஞாயிறு
சோறு குழைந்துவிட்டது.

13-6, திங்கள்
பக்கத்து வீட்டு ரத்தினம்மா அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.
"சனிக்கெழம எங்கூட்டு அண்டாவே உருண்டுச்சு. உன் பொம்ம லாரிய இன்னா, ஆணி அடிச்சா வெச்சிருந்த? அதப் புடிக்க ஓடி, அந்தப் பொண்ணு அலமாரி மூலையில நெத்திய இடிச்சிகினா. பாக்கலியா நீ?"
பார்க்கவில்லை. லாரியைத்தான் பார்த்தேன்.
ஒர்க்‌ஷாப்பில் நீராவிச் சம்மட்டி அடித்தால் தரை நாளெல்லாம் ஆடும். பூமி ஆடினால் அங்கே எப்படித் தெரியும்? டிப்ளமோ படித்த மண்டைக்கு இது கூட எட்டவில்லை. இப்போது என்ன மூஞ்சியோடு போவது?

16-6, வியாழன்
ஒயர் ஒட்டினேன். கேவலமாக இருக்கிறது.

19-6, ஞாயிறு
லாரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேத்தமங்களா போனேன். மாமா முனியப்பன் "வாங்க மாப்ள" என்ற ஒரு வார்த்தையோடு வயல் பக்கம் போய்விட்டார். அவள் நெற்றியில் இடிபட்ட பச்சை இன்னும் மாறவில்லை.
"நீ சொன்னது நிஜம். நான்தான் தப்பு." வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.
"இத சொல்ல எட்டு நாளா?"
"லீவு—"
"லீவுன்னு சொல்லாதீங்க."
லீவு இல்லைதான். வெட்கம்.
பெட்டியை அவள் முன் வைத்தேன். அவளே பெட்டியைத் திறந்தாள். "இன்னா இது, காக்கா கூடு!" நான் ஒட்டிய நாலு ஒயரையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்ற உட்கார்ந்தாள். முடித்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எங்க ஊரு கரும்பு லாரி எஞ்சின் இவ்ளோ சுத்தமாவா இருக்கு?" தீக்குச்சியில் கண்மையைத் தொட்டு, எஞ்சின் மூடி சேரும் இடத்தில் ஆயில் கசிவதுபோல இழுத்துவிட்டாள். நிஜமாகவே கசியும் இடம்! பத்து வருஷம் லோடு அடித்த எஞ்சின் ஆகிவிட்டது.
சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். அவள் பை என் தோளில். பெட்டியைக் கேட்டேன், தரவில்லை. நாங்கள் இறங்கும் ஸ்கெலட்டன் ஸ்டாப் வரை மடியிலேயே வைத்திருந்தாள். "உங்கள நம்ப முடியாது" என்றாள், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.