ஆண்பூவை மட்டும் பறியுங்கள்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மதியத்துக்குப் பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவையாவது ஆண்பூவை மட்டும் பறியுங்கள். அடியில் வெறும் காம்புதான் இருக்கும். ஜம்மென்று நிற்கும், காய்க்காது. அடையாளம் தெரியாவிட்டால் கண்ணாடியைப் பாருங்கள்.

போன வாரம் பிஞ்சோடு இருந்த பெண்பூவையெல்லாம் பொரித்துத் தின்றுவிட்டு, "ஏன் இன்னும் காயே காணோம்?" என்று கேட்டீர்களே, அன்றைக்கு மூடிய வாயைத்தான் நான் இன்னும் திறக்கவில்லை.

நேற்று பக்கத்து வீட்டு டெய்லரிடம், "திட்டினாக்கூடப் பரவாயில்ல, அவ பேசினாப் போதும்" என்று புலம்பினீர்களே! சுவருக்கும் காது உண்டு. அதில் ஒன்று என்னுடையது.

பி.கு.: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், உங்கள் கைக்குத் தப்பிய பிஞ்சு ஒன்று எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருக்கிறது. பார்க்கலாம், தொடக் கூடாது.

எனக்கு நாலு பூ எடுத்து வையுங்கள். சாயங்காலம் நீங்கள் சுடச்சுடப் பொரித்துப் போடுங்கள், நான் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன்.