தல்லாக் வழி

வால்லே, 14 செப்டம்பர் 1974

அன்புத் தங்கை மார்கித்துக்கு,

நலம்தானே? ஆடுகளை மலையிலிருந்து இறக்கிவிட்டோம். உருளைக்கிழங்கு பரவாயில்லை.

ரேடியோவில் நீ பாடியதைக் கேட்டேன். பிடில் மெட்டை வாயாலேயே பாட உன்னை விட்டால் ஆளில்லை என்று ஆஸ்லோ அறிவிப்பாளன் புகழ்ந்தான். சரி, யார் வழி வந்த மெட்டு என்று ஏன் சொல்லவில்லை? வானத்திலிருந்தா விழுந்தது? பேர் சொல்லாமல் நம் பள்ளத்தாக்கில் எவனாவது பாடுவானா? மூன்றாம் சுற்றில் ஒரு தாளம் நொண்டுகிறதே, அது என் கைப்பிழை. அதையும் சேர்த்துத்தானே உனக்குக் கற்றுக்கொடுத்தேன்? இங்கே கடையில் கேட்கிறார்கள், "என்ன தல்லாக், தங்கச்சி உன்னை மறந்துட்டாளா?"

அக்டோபரில் நீ பாடப்போகும் போட்டியில் என் பேரைச் சொல். இல்லையென்றால் மேடையிலிருந்து மயிரைப் பிடித்து இழுத்து வருவேன்.

பாசமுள்ள அண்ணன்,
தல்லாக்

ஆஸ்லோ, 22 செப்டம்பர்

அண்ணா,

சொல்கிறேன். ஆனால் பேரோடு கதையையும் சொல்வதுதானே நம் வழக்கம்?

பக்கத்து வீட்டு ஆஸ்லாக் கல்யாணத்தில் எல்லோரும் உன்னை விட்டுவிட்டு என்னைப் பிடில் வாசிக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை என் இடது கையை விறகுக் கட்டையில் அழுத்தி, கோடாரியின் மொண்ணைப் பக்கத்தால் அடித்தாய். எலும்பு நொறுங்கிய பிறகும் நிறுத்தவில்லை. டாக்டர் இரண்டு விரல்களை எடுத்தார். அவரிடம் களஞ்சியக் கதவு நசுக்கியது என்றேன். பதினான்கு வருடமாக எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறேன். பிடில் போனதால்தான் வாயால் பாடினேன். இதைத்தான் பத்திரிகைக்காரர்கள் என் கலைவாழ்க்கை என்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதவு அலுத்துவிட்டது. இதையும் சொல்லட்டுமா?

மார்கித்

வால்லே, 1 அக்டோபர்

மார்கித்,

கதவு என்று சொன்னவள் நீ. கதவாகவே இருக்கட்டும். பேரை மட்டும் சொல். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை கூடினால் தாடை மிஞ்சாது. அப்புறம் எதை வைத்துப் பாடுவாய் என்று பார்க்கிறேன்.

மாடு கன்று போட்டிருக்கிறது.

தல்லாக்

ஆஸ்லோ, 27 அக்டோபர்

தல்லாக்,

உன்னைப் போலீஸ் வெளியே இழுத்துப் போய்விட்டதால் மிச்சத்தை நீ கேட்டிருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

"இது தல்லாக் வழி. பிடில்ல கத்துக்கொடுத்தான். அப்புறம் கோடாரியால என் விரலை ஒடைச்சான்." இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் நீ மேடையேறிவிட்டாய். முதல் குத்தில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் பல் போனது. கீழே விழுந்தவளை விலாவிலும் உதைத்தாய். நான்கு பேர் சேர்ந்துதான் உன்னைப் பிரிக்க முடிந்தது.

நீ போனதும் எழுந்தேன். வெள்ளிப் பொத்தான் வைத்த சட்டை முழுக்க ரத்தம். நடுவர் கெஞ்சினார், "போதும்மா, உக்காரு." நான் உட்காரவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு முழு மெட்டையும் பாடினேன். மூன்றாம் சுற்றில் உன் நொண்டலையும் விடவில்லை.

நேற்று என்னிடம் கற்கும் ஒருத்தி அதே மெட்டைப் பாடினாள். பாடுவதற்கு முன் எழுந்து நின்று, வழக்கப்படி சொன்னாள்: "இது மார்கித் வழி. அவங்களுக்குத் தல்லாக் வழி, கோடாரி வழி."

இனி யார் பாடினாலும் உன் பேர் விடுபடாது. நீ கேட்டது அதுதானே? எனக்கு இனி எழுதாதே.

மார்கித்