மறையாத கோடு

திருச்சி,
16 நவம்பர் 2025

அன்புள்ள வல்லிக்கு,

ஜென்சி எழுதுவது. நலமாக இருக்கிறாயா? ஸ்வீடனில் இப்போது மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதாமே, உன் அம்மா சொன்னார்கள். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேலப்புதூர் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். அப்பாவைத் தம்பி ஆஷ்லி ஆகஸ்டில் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். ஒருத்திக்குச் சமைக்க எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. ஒரு நாள் வைத்த ரசம் மூன்று நாள் ஓடுகிறது.

இந்தக் காலத்தில் இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். செப்டம்பரிலிருந்து உனக்கு ஆறு மெயில் அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பிலும் சோதனைப் படங்களை அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில்தான் வரவில்லை. உன் வீட்டு முகவரியை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

அதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். கீழச்சித்திரை வீதியில் உங்கள் வீட்டுக் கூடத்தில், நம் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். உன் பெயர், என் பெயர், நம் பேராசிரியர் பீமராவ் சார் பெயர் மூன்றும் வாசலிலிருந்தே தெரிகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். மாமா அவரை அதன் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி தன்னோட டிஎன்ஏவை ஒரே ஒரு தடவைதான் காப்பி எடுக்கணும். அதுக்குப் பர்மிஷன் குடுக்கற புரோட்டீன் ஒண்ணு இருக்கு. காப்பி ஆரம்பிச்ச உடனே அது மறைஞ்சுடணும். வாய்ப் புத்துநோய் செல்லுல அது மறையாம நின்னுடறதுன்னு எங்க கமலா கண்டுபிடிச்சா. இதோ நிக்கறாளே, இந்தப் பொண்ணும்தான்." எல்லோருக்கும் நீ கமலா, எனக்கு மட்டும்தான் வல்லி. வகுப்பில் நான்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

மாமி காபி கலந்துகொண்டே பேசினார்கள். "உன்னோட வாராவாரம் ஃபோன்ல பேசறாளாமே? எங்களோட பேசத்தான் அவளுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல நேரம் கிடைக்கறதில்லை. அவளுக்கு நீ இருக்கேங்கறதே எனக்குப் பெரிய தைரியம்டீ" என்றார்கள்.

நான் "ஆமாம் மாமி" என்றேன். நாம் கடைசியாகப் பேசியது போன வருடத் தீபாவளிக்கு. ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்க மாட்டேன். நானும்தானே ஆமாம் என்றேன்.

உனக்கு அங்கே வேலை நிரந்தரமாகுமா என்பது ஜனவரியில் தெரிந்துவிடும் என்றும், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். முகவரியை வாங்கிக்கொண்டேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தக் கட்டுரை தப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். காபியைக் குடித்துவிட்டு, சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மெயிலில் இருந்ததை நீ முழுதாகப் படித்தாயோ இல்லையோ, மறுபடி சொல்கிறேன். அந்தப் புரதத்தை ஃபிலிமில் கோடாகக் காட்டித் தரும் நம் பழைய ஆன்டிபாடி தீரும் நிலைக்கு வந்தது. அதைத் தயாரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் ஆகஸ்டில் வேறு இடத்திலிருந்து ஒன்று வரவழைத்தேன். அந்தப் புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்று பார்க்க, அது உருவாகாமல் தடுத்த செல்களில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். புதியதில் கோடு மறைந்துவிட்டது. பழையதில் அப்படியே தடிமனாக நின்றது. இல்லாத புரதத்துக்கு எப்படிக் கோடு வரும்? ஆறு வருடமாக நாம் பிடித்துக்கொண்டிருந்தது அதே உயரத்தில் விழும் வேறு ஏதோ புரதம். புற்றுநோய் செல்லில் மறையாமல் நின்றதும் அதுதான்.

வல்லி, நமக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். கட்டுரை அனுப்பிய வருடம், பொங்கலுக்கு முந்தின வாரம், இதே சோதனையை ஒருமுறை செய்தோம். அன்றும் கோடு மறையவில்லை. "தடுப்பு சரியா வேலை செய்யலைடீ, நாள் ஆயிடுத்து, விடு" என்றாய். நானும் விட்டேன். அந்தப் படம் என் நோட்டில்தான் ஒட்டியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பியதும் என் கைதான். உன்மேல் பழியைப் போட இதை எழுதவில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. பத்து நாள் இருந்தும் பார்த்தேன். அப்போது மதுரையிலிருந்து ஹரிஹரசுதன் என்ற ஆராய்ச்சி மாணவர் மெயில் எழுதினார். நம் கட்டுரையை வைத்து இரண்டு வருடமாக வேலை செய்கிறாராம். ஒரு தடவைகூட நமக்கு வந்ததுபோல வரவில்லையாம். "என் கைதான் சரியில்லை போல மேடம், எங்கே தப்பு பண்றேன்னு சொல்லிக்கொடுங்க" என்று கேட்டிருந்தார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தப்பு உங்கள் கையில் இல்லை என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்.

படங்களை எடுத்துக்கொண்டு தில்லைநகரில் பீமராவ் சார் வீட்டுக்குப் போனேன். கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எத்தனை தடவை செய்தாய் என்று கேட்டார். மூன்று என்றேன். "நாலாவது தடவையும் பண்ணிடும்மா. அப்பவும் இப்படியே இருந்தா லெட்டரை எழுதி எடுத்துட்டு வா" என்றார். நாலாவது தடவையும் அப்படியே இருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "கமலாகிட்ட நீ பேசு. நான் பேசினா பயந்துடுவா" என்றார். நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் சார் என்று சொன்னேன்.

கட்டுரையை வெளியிட்ட இதழிலிருந்து வியாழக்கிழமை பதில் வந்தது. டிசம்பர் பதினைந்து வரை உன் சம்மதத்துக்காகக் காத்திருப்பார்கள். வராவிட்டால், உன்னைத் தொடர்புகொள்ள முயன்றும் பதில் இல்லை என்று அறிவிப்பில் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரி உன் பெயரோடு காலத்துக்கும் நிற்கும். அது வேண்டாம் வல்லி. அந்தப் பழைய சோதனையை என் நோட்டிலேயே விட்டது நான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அது உண்மைதான். நீ சொன்னது எதையும் எழுதவில்லை. நீயாகச் சேர்க்க விரும்பினால் சேர்த்துக்கொள். உன் துறைத் தலைவரிடமும் வேறு யாரும் சொல்வதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு. வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

லேபில் உன் மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை. நீ பதில் எழுதாததற்கு இந்தப் படங்கள்தான் காரணமா, இல்லை அதற்கு முன்பே நான் ஏதாவது செய்துவிட்டேனா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நேற்றுக் காலை புதிய ஆன்டிபாடியில் முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்து முடித்தேன். டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கியதும் அந்தப் புரதம் ஒழுங்காக மறைந்துவிடுகிறது, புற்றுநோய் செல்லிலும்தான். புத்தகத்தில் இருப்பதுதான், நாம் கண்டுபிடித்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு சுத்தமான படம் நம் லேபில் இதுவரை வந்ததே இல்லை. ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு டார்க் ரூம் கதவைத் திறந்தவள், "வல்லி, ஓடி வாயேன், இதைப் பாரு" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த செல்வமேரி அக்கா, "யாரைம்மா கூப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். யாருமில்லை அக்கா என்றேன்.

அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து விஷயத்தை நீ யோசித்து முடிவு செய். படம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடு. திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் மாதாவும் உங்கள் ஸ்ரீரங்கத்துக் கோயில் தாயாரும் உனக்குத் துணை இருக்கட்டும்.

என்றும் உன்,
ஜென்சி