நிரப்பாமல் விட்ட நான்கு வரிசைகள்

அக். 14, செவ்வாய்

காலை பனி, பத்துக்கு வெயில், மூன்றுக்கு மழை. பதுளை வழக்கம்.

இன்றைய வேலை: பல் டொக்டரின் இம்ப்ரெசா கார். பிளக் நான்கும் மாற்ற. ஒயில். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப் இறுக்க. பிறகு வெலிமடை வேனுக்கு பிரேக். தையல்கடையில் செல்வியின் தீபாவளி பிளவுஸ் (மறந்தால் தொலைந்தேன்).

பதினொன்றரைக்கு ஹாஜியார் வந்தார். பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், ரிஸ்வானின் வாப்பா. ரிஸ்வான் இறந்து இன்றைக்கு முப்பத்திரண்டு நாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. முற்றத்தின் மூலையில் தறப்பாள் மூடிக் கிடக்கும் ஸ்டார்லட்டின் பக்கம் திரும்பவும் இல்லை. அது அவர் மகனின் கார். அவன் உம்மாவால் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து போட்டது.

"தம்பி, எங்கட மகன் ஒங்களோட பழகினவன். மனசு நோக எதும் பேசியிருந்தா, தப்பா நடந்திருந்தா, அல்லாவுக்காக அவன மன்னிச்சிருங்க."

ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்கிறாராம். மொனராகலை ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார். ரிஸ்வான் மோதிய கரும்பு டிராக்டரின் டிரைவர் அங்கே கால் முறிந்து கிடக்கிறார். "அந்த மனுசன்ட கையப் பிடிச்சுக் கேட்டேன். எத்தன தரம் சொன்னேன் தம்பி, மெல்லப் போ, மெல்லப் போ எண்டு. ஸ்பீட் பைத்தியம். பள்ளிவாசல்லயும் எழும்பி நின்னு ஊருக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

நான் சொன்னது: "மன்னிச்சிட்டேன் ஹாஜியார்."

மன்னித்தேனாம். நான்! அவர் போன பிறகு வேனின் சில்லைக் கழற்றி, பிரேக்கைப் பார்க்காமலே திரும்ப மாட்டினேன். மறுபடி கழற்றினேன்.

ரிஸ்வானின் காருக்கு நான் வைத்த கம்ப்யூட்டர் ஓட்டம் முழுவதையும் பதிவு செய்யும். வேகம், எஞ்சின் சுற்று, காற்றழுத்தம் எல்லாம். டேஷ்போர்டுக்கு அடியில் கீறல் இல்லாமல் இருக்கிறது, போன வாரம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். லெப்டொப்பை மாட்டினால் பத்து நிமிட வேலை. இன்னும் மாட்டவில்லை.

அக். 15, புதன்

மழை இல்லை. காற்று.

நான்கு மணிக்கு அந்தச் சத்தம். பஸ்ஸறை ரோட் வளைவில் ரிஸ்வான் கியர் மாற்றும்போது டர்போ வால்வு விடுகிற மூச்சு, ப்ஷ்ஷ். கையிலிருந்த ஸ்பெனர் அப்படியே நின்றது. லுணுகலை பஸ்ஸின் காற்று பிரேக்தான். தினமும் அதே பஸ், அதே நேரம். தினமும் நான் எட்டிப் பார்க்கிறேன், ஒரு முழு மடையன்.

செல்வி: "என்னங்க, அப்பப்ப வாசலுக்குப் போறீங்க?"
"பஸ்."
"நாம எங்கயும் போகலயே."

வேலை: வேன் முடிந்தது. இம்ப்ரெசா ஒயில் முடிந்தது. பிளவுஸ் மறந்தேன்.

எழுதியே ஆக வேண்டும், இதை வேறு எங்கும் சொல்ல முடியாது. இறப்பதற்கு எட்டு நாள் முன்பு ரிஸ்வான் மொனராகலையிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினான். "அண்ணே, இங்க கீழ வந்து மிதிச்சா எஞ்சின்ல ஒரு சத்தம் வருது. கடலை வறுக்கிற மாதிரி, டிக் டிக் டிக்னு. மேல பண்டாரவளையில இல்ல. இங்க மட்டுந்தான்." நான் அனுப்பிய பதில் மூன்று சொல்: "தொண்ணூத்தஞ்சு அடி, சரியாகும்." நல்ல பெட்ரோல் அடி என்று அர்த்தம். அப்போது நான் கொத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அதுகூட ஞாபகம் இருக்கிறது.

கடலைச் சத்தம் என்றால் என்ன என்று பதினாறு வருடமாக இந்தத் தொழில் செய்கிறவனுக்குத் தெரியாதா? பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிற சத்தம். பிஸ்டனை உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பது. கேட்ட உடனே "மிதிக்காதே, மெல்ல ஓட்டி வா" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அக். 17, வெள்ளி

டொக்டரின் காரை டியூன் செய்ய ஹப்புத்தளைக்கு ஏறினேன். எப்போதும் அந்த ரோட்தான். காலையில் வெறிச்சென்று இருக்கும், ஏற்றமும் நேரும் உண்டு. டொக்டர் ஓட்ட, நான் பக்கத்தில் லெப்டொப்போடு.

திரையில் மேப். கட்டம் கட்டமாக எண்கள். பக்கவாட்டில் காற்றழுத்தம், மேலே எஞ்சின் சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி. ஓடும்போது கார் தொட்ட கட்டங்களை நான் திருத்தினேன். கடைசி நான்கு வரிசைகளை யாரும் தொடவில்லை. மேட்டில் காற்று மெல்லிசு, அழுத்தம் அவ்வளவு தூரம் ஏறாது; கீழே காற்று தடிப்பு, அங்கே ஏறும். அதில் வேறு ஏதோ காரிலிருந்து நகல் எடுத்த எண்கள். எத்தனை வருடமாக அப்படியே விட்டிருக்கிறேன்.

டொக்டர்: "என்ன குமார், வேர்க்குது? குளிருதே."

வண்டியைத் திருப்பச் சொன்னேன். டியூன் முடியவில்லை, கீழே இறக்கிச் சூட்டில் பார்க்காமல் காரைத் தர மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். போகட்டும்.

ரிஸ்வானின் காரையும் இதே ரோட்டில்தான் டியூன் செய்தேன். அவன் ஓட்டினான், பாடிக்கொண்டே. குரல் கர்ண கொடூரம். தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். இன்று அதே இடத்தில் யாரும் நிமிரவில்லை. என்னவோ அதுவே பயமாக இருந்தது.

அக். 18, சனி

பகல் பதினொரு மணி. நல்ல வெயில். வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கும் பயம் இருக்கிறது.

தறப்பாளை எடுத்தேன். உள்ளே இன்னும் அவன் அத்தர் வாசனை. சீட் அவன் தள்ளி வைத்திருந்த இடத்தில்.

பெற்றரி வயரைத் தொட்டதும் டேஷ்போர்டில் டர்போ டைமரின் விளக்கு எரிந்தது. ஓட்டம் முடிந்ததும் சூடான டர்போ ஆறும் வரை எஞ்சினை ஓடவிட்டு அணைக்கிற சின்னப் பெட்டி அது. நாற்பத்தைந்து, நாற்பத்துநான்கு என்று எண்ண ஆரம்பித்தது. இப்போதுதான் யாரோ வண்டியை நிறுத்தி இறங்கிப் போனது போல. தொழில் காரணம் உண்டு: கரன்ட் திடீரென்று அறுந்ததால் பாதியில் நின்ற கணக்கு. எனக்கே நான் விளக்கிக்கொண்டேன். ஆனாலும் அது பூச்சியம் ஆகும்வரை காருக்குள் கையை விடவில்லை.

பதிவு திறந்தது. கடைசி ஓட்டம். மொனராகலை தாண்டி புத்தல போகும் நேர் ரோட்.

வேகம் 62, 60, 61. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போயிருக்கிறான். பிறகு முந்த மிதித்திருக்கிறான். 70. 78. 84. அழுத்தம் ஏறி, நான் நிரப்பாத வரிசைகளில் மூன்றாவதற்குள் போகிறது. அங்கே இரண்டு நொடி. பிறகு எஞ்சின் சுற்று ஐயாயிரத்து சொச்சத்திலிருந்து ஒரே தாவலில் பூச்சியம். பிஸ்டன் உடைந்து எஞ்சின் இறுகி, முன் சில்லுகள் பூட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் பிரேக். ஒன்றரை நொடியில் டிராக்டர்; பதிவு முடிகிறது.

பிளக் துளைக்குள் கமரா விட்டும் பார்த்தேன். மூன்றாவது பிஸ்டன் உருகி ஓட்டை. சந்தேகத்துக்கு இடமில்லை.

எண்பத்துநான்கு. ஊர் நூற்றறுபது என்கிறது, யாரோடோ ரேஸ் விட்டான் என்கிறது. தான் பிள்ளையை வளர்த்த விதம் சரியில்லை என்று அவன் வாப்பா ஊரெல்லாம் கைகூப்பித் திரிகிறார். இந்த ஒரு ஃபைல் மகனை விடுவிக்கும், என்னைப் பிடித்துக் கொடுக்கும். அழிக்க ஒரு பட்டன் போதும்.

அழிக்கவில்லை. மூடி வைத்தேன்.

அக். 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். வடை, முறுக்கு. மாமனார் இருக்கும் தோட்டத்து லய வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து போனார்கள். சிரித்தேன், பலகாரம் பரிமாறினேன், அடுத்த வருடம் வேன் வாங்கலாம் என்றெல்லாம் பேசினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

எல்லோரும் போனதும் செல்வியிடம் சொல்லிவிட்டேன். மேடு, பள்ளம், காற்று எல்லாம் விளக்கினேன். அவள் கேட்டாள்:

"எங்க தோட்டத்துல பருப்பு வேக அவ்ளோ நேரமாகும். அதே கணக்குல மொனராகலையில அக்கா வீட்ல வச்சேன், அடி புடிச்சிருச்சு. அப்படியா?"
"அப்படித்தான்."
"அவரு கீழ போவாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"
"தெரியும். மாசம் ரெண்டு தடவ போவான். கடைச் சாமானுக்கு."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து, "சொல்லாதீங்க" என்றாள். "சொன்னா அந்தப் புள்ள எழுந்து வருமா? பொலிஸ் வரும். கராஜ இழுத்து மூடணும். நம்ம புள்ளைங்க என்ன பண்ணும்?"

எல்லாம் சரிதான். வெளியே பட்டாசு. ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. எனக்கு அவனைப் பிடிக்கும், அதுதான் விஷயம். தம்பி போல இருந்தான்.

அக். 22, புதன்

தூறல். இம்ப்ரெசா இன்னும் என்னிடம். டொக்டர் இரண்டு முறை போன் கோல்.

ஹாஜியார் வீட்டில் நாற்பதாம் நாள் கத்தம். போகாமல் இருக்க முடியாது. ஓதினார்கள். பிறகு சோறு வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர், தெரியாதவர்கள்:

"சல்லித் திமிர். என்ன செய்ய."
"வாப்பா ஹஜ் செஞ்சவர். மகன் ரோட்ல ரேஸ்."
"அந்த டிராக்டர்காரனுக்கு மூணு புள்ளயாம். பாவம்."

ஹாஜியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னால் நின்றார். காதில் விழுந்திருக்கும். முகம் மாறவில்லை. அடுத்தவரின் கோப்பையிலும் ஊற்றினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு அவர் வீட்டுச் சோற்றையே தின்கிறேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம், "நாளைக்குச் சொல்லப் போறேன்" என்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அக். 23, வியாழன்

பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். பெயின்ட் டின்களுக்கு நடுவில் லெப்டொப்பை வைத்தேன். எல்லாம் சொன்னேன். குரல் செய்தி, என் பதில், வரிசைகள், எதையும் விடவில்லை. நடுவில் ஒருவர் ஆணி கேட்டு வந்தார். ஹாஜியார் நிறுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து, "சொல்லுங்க" என்றார்.

முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "எங்கட மகன்ட ஸ்பீட் இதுல எங்க இருக்கு?"

காட்டினேன். எண்ணின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"எம்பத்துநாலு."
"ஆமாங்க."

வீட்டுக்குக் கோல் எடுத்தார். "இந்தா, கேக்குறீங்களா? எம்பத்துநாலு. ரேஸ் விடல்ல. பஸ்ஸத்தான் முந்தியிருக்கான். நம்மட புள்ள ஓட்டல்ல..." கடை நடுவில், வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும்.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்தார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு ஜும்மா முடிய வாங்க. பள்ளி வாசல்ல நான் நின்னு மன்னிப்புக் கேட்ட எடத்துல நீங்க நிக்கணும். இத எல்லாருக்கும் சொல்லணும். ஒங்கட பேரச் சொல்லிச் சொல்லணும்."

சரி என்றேன். கிளம்பும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஹாஜியார், என்னை மன்னிப்பீங்களா?"

என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல.

"மகன இழந்த வேதனைக்கு எண்டா மன்னிச்சிட்டேன் தம்பி. ஆனா அவன்ட உசிருக்கு நான் எப்படி மன்னிக்க? அது அவன் குடுக்க வேண்டியது. அவன்கிட்டத்தான் நீங்க கேக்கணும்."

அக். 24, வெள்ளி

12.40. பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. மழை வரும் போல, வரவில்லை. லெப்டொப் மடியில்.

காலையில் ரிஸ்வானின் நம்பருக்கு எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை.

செல்வியும் வந்திருக்கிறாள். கேட்காமலே பஸ்ஸில் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

சொல்ல வேண்டியது: என் பெயர் குமார். கராஜ் பஸ்ஸறை ரோட். கார் ஓடிய வேகம் எண்பத்துநான்கு. பிழை என்னுடையது.

1.05. தொழுகை முடிந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள், என்னிடம் வண்டி விடுகிற முகங்கள். ஹாஜியார் படியில் நின்று கையைத் தூக்கி எல்லோரையும் நிற்கச் சொல்கிறார். இங்கே பார்க்கிறார்.